காசு கொடுத்தாச்சு... ஆனா கேம் உங்களுடையதா?

2014-ல் வெளியான 'தி க்ரூ' கார் ரேஸ் கேமின் சர்வர்களை, 2024 மார்ச் 31-ம் தேதியோடு யூபிசாஃப்ட் நிறுத்தியது. அத்தோடு, தனியாக விளையாடும் பகுதியும் காலி. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இது திடீர்னு வந்ததில்லை. 2004-ல் 'ஹாஃப்-லைஃப் 2' வந்தபோதே, கடையில் டிஸ்க் வாங்கினாலும் 'ஸ்டீம்' கணக்கு கட்டாயம் என்றது வால்வ் நிறுவனம். அன்று ரசிகர்கள் கொதித்தார்கள். இன்று அதுவே வழக்கம். நாம் அழுத்துவது 'வாங்கு' பட்டன். கிடைப்பதோ விளையாடும் அனுமதி மட்டும்.

திருட்டு காப்பியைத் தடுக்கத்தானே இந்தப் பூட்டு? நியாயமான கேள்வி. உழைத்தவர்களுக்குக் காசு வரணும். ஆனால், பல கேம்களில் பூட்டை உடைத்தவர் ஜாலியாக விளையாடுகிறார். நெட் போனால் லாகின் திரையில் மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவர்தான்.

வாடிக்கையாளருக்குக் கிடைப்பது அனுமதி மட்டும்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது என்கிறது 2025-ல் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம். நல்ல தொடக்கம். ஆனால் போதாது.

சர்வரை மூடுங்கள், தப்பில்லை. ஆஃப்லைனில் ஓட வழி செய்துவிட்டு மூடுங்கள். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பதும் இந்த மாதிரி ஒரு வழியைத்தான். ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யூபிசாஃப்டே அறிவித்தது. ஆக, முடியாத காரியம் இல்லை. மனசு வைக்கணும், அவ்வளவுதான்.