ட்ரோன் கண்ணுக்குத் தெரியாத காணி

வன்னி மக்களுக்கு ஆளில்லா விமானம் புதியதல்ல. 2008, 2009 காலப்பகுதியில் அதனை 'வண்டு' என்றழைத்தோம். இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியைத் தேடினோம். இன்று அதே இனத்தைச் சேர்ந்த சிறிய கருவி, 'ட்ரோன்' என்ற பெயரில், காணியையும் காட்டையும் குளத்தையும் பராமரிக்கும் வேலைக்கு வருகின்றது. அச்சத்தினால் அதனை ஒதுக்குவதும், அது காட்டுவதே முழு உண்மையென நம்புவதும் எமக்கு நன்மை தரமாட்டா.

இதன் பயன்கள் பல. நாட்கணக்கில் நடந்து பார்க்கவேண்டிய நிலத்தை அது சில மணித்தியாலங்களில் படம் பிடித்துவிடும். நலமான இலை, எமது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அதிகமாகத் தெறிக்கச் செய்யும். வாடிய இலை குறைவாகவே தெறிக்கும். இவ்வேறுபாட்டைப் பதிவுசெய்யும் கமரா, நீர் போதாத வயலைக் காட்டித் தரும். அரித்த குளக்கட்டு, தூர்ந்த வாய்க்கால், களவாக மணல் அள்ளிய இடம் என்பனவும் தெரியவரும்.

ஆனால் கமராவுக்கு நிலத்தின் வரலாறு தெரியாது. இடம்பெயர்ந்த குடும்பத்தின் காணி இருபது வருடம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் பற்றையும் மரமும் மூடிவிடும். படத்தில் அது காடு. உரியவருக்கோ அது தோட்டக்காணி. இது வெறுங்கற்பனையல்ல. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையின்படி 'ஏனைய அரச காடுகள்' வனவளப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் விடப்பட்டன. போரின்பின் மீளக்குடியமர வந்தோர் பலர், தாம் பயிரிட்ட நிலத்தில் வன எல்லைக் கற்களைக் கண்டனர். 2020இல் அச்சுற்றறிக்கை நீக்கப்பட்டபோதிலும் பிணக்குகள் யாவும் தீர்ந்துவிடவில்லை.

காடு காக்கப்படவேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக்கருத்தில்லை. காடு அழிந்தால் மண் கரைந்து குளம் தூர்ந்துவிடும் என்பதைக் கமக்காரருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. படத்துடன் மக்களின் சாட்சியமும் சேரவேண்டும் என்பதே எமது கோரிக்கை.

1956இல் கனடாவின் உதவியுடன் இலங்கை விமானத்திலிருந்து படம் பிடிக்கப்பட்டது. அப்படங்களோடு இன்றைய படத்தை ஒப்பிட்டால், பழைய காடு எது, கைவிடப்பட்ட வயல் எது என்பது பல இடங்களில் விளங்கும். அதன்பின் குடியேறியோருக்கு இச்சான்று போதாது. அவர்களுக்கு உறுதி, உத்தரவுப்பத்திரம், பழைய கிணறு, வீட்டு அத்திவாரம், நட்ட மா, பலா என்பனவே சாட்சி.

ஆகவே உங்கள் கிராமத்தில் ட்ரோன் பறக்கவிடப்பட்டால், யாருக்காக, எதற்காக என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். படத்தின் பிரதியைக் கமக்காரர் அமைப்பின் மூலம் கோருங்கள். முதியோரை அழைத்துச் சென்று, கிணற்றையும் வேலியையும் படத்தில் குறித்துக் கொடுங்கள். வானிலிருந்து எடுக்கும் படம், மண்ணில் நடந்தவரின் சொல்லும் சேரும்போதே நிறைவுபெறும்.