கால் வீக்கமும் கர்ப்பவதியும்



ஹட்டன் பக்கத் தோட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "காலைல மலைக்கு ஏறும்போது காலு நல்லாத்தான் இருக்கு. அந்திக் கொழுந்து நிறுக்கப் போறப்ப செருப்பு பத்தல." நாள் முழுக்கச் சரிவில் நின்றால் நீர் இறங்கிக் காலில் தேங்கும். பெருவிரலால் அழுத்தினால் குழி விழும். இரவில் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் பெரும்பாலும் வற்றிவிடும். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் இடம்பெயர்ந்து நடந்த சகோதரிகளுக்கு இது புதிதல்ல.

என் கவலை பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றியது. "கால் வீங்குறது வழமைதானே" என்பார் மாமியார். அது பாதி உண்மை. ஐந்து மாதத்துக்குப் பிறகு முகமும் கையும் திடீரென ஊதி வளையல் இறுகினால், கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ வந்தால், குருதி அமுக்கம் ஏறியிருக்கலாம். 140/90 என்றாலே வைத்தியர் பார்க்க வேண்டும். விட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போகலாம். வீக்கமே இல்லாமலும் அமுக்கம் ஏறும் என்பதால்தான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அமுக்கமும் சிறுநீரும் பார்க்கிறார்கள். கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளம் குறையும். தெரியும். ஆனாலும் போங்கள்.

தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள்; அதனால் வீக்கம் வற்றாது. பக்கத்து லயத்து அக்காவின் நீர்க் குளிசையையும் வாங்கிப் போடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அதுவும் அவசரம்தான், இரத்தக்கட்டியாக இருக்கலாம். இரவென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை.