மருந்து விலை எப்போது இறங்கும்? காப்புரிமைப் பதிவேட்டைப் பார்க்கப் பழகுங்கள்

நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் கோரஜன் தெளித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பல வருடம் அந்த மருந்து ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்தது. சொன்னதுதான் விலை. 2022-க்குப் பிறகு அதே குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. வேறு வேறு கம்பெனிகளின் பெயரில் கடைக்கு வந்தது, விலையும் இறங்கியது. கடைக்காரரைக் கேட்டால் "போட்டி வந்துடுச்சுங்க" என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் போட்டி எந்தத் தேதியில் வரும் என்பது 20 வருடத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் ஒரு காப்புரிமையின் ஆயுள், விண்ணப்பித்த நாளில் இருந்து 20 ஆண்டுகள். குளோரான்ட்ரனிலிப்ரோல் மூலக்கூறுக்கான இந்தியக் காப்புரிமையின் எண் 201307. டூபான்ட் நிறுவனத்திடம் இருந்து, 2017-ல் எஃப்.எம்.சி. கைக்கு வந்தது. 2022 ஆகஸ்ட் 13 அன்று காலாவதியானது. யார் வேண்டுமானாலும் இந்தத் தேதியைப் பல வருடம் முன்பே பார்த்திருக்க முடியும்.

இதில் உங்களுக்கு என்ன லாப நஷ்டம்? உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இடுபொருள் கடை நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதை நம்பி, காப்புரிமை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு வருடச் சரக்கை வாங்கி அடுக்குகிறீர்கள். அடுத்த பட்டத்தில் பக்கத்துக் கடையில் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. உங்கள் சரக்கு அலமாரியில் தூங்கும். முடங்கியது உறுப்பினர்களின் பங்குப் பணம்.

பெரிய கம்பெனிகள் இந்த விஷயத்தில் ஏமாறுவதில்லை. காப்புரிமை விண்ணப்பங்களைச் சேர்த்து, எந்த வருடம் எத்தனை, யார் பெயரில், எந்தத் தொழில்நுட்பத்தில், எந்த நாட்டில் என்று பிரித்து வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இதைக் காப்புரிமை வரைபடம் என்பார்கள். எங்கே கூட்டம் அதிகம், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று அதில் தெரியும். வரைபடத்தில் காலியாக இருக்கும் இடத்தைக் காட்டி "இங்கேதான் வாய்ப்பு" என்று ஆலோசகர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வாங்க ஆள் இல்லாததால்கூட அந்த இடம் காலியாக இருக்கலாம்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 2023-24-ல் இந்தியாவில் 92,000-க்கும் மேற்பட்ட காப்புரிமை விண்ணப்பங்கள் தாக்கலாயின. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் விண்ணப்பம் வேறு, காப்புரிமை வேறு. விண்ணப்பித்தால், பொதுவாக 18 மாதம் கழித்து அது அரசிதழில் வெளியாகும். அதன் பிறகு பரிசோதனை, ஆட்சேபணை எல்லாம் தாண்டினால்தான் காப்புரிமை கிடைக்கும். வழியில் கைவிடப்படுபவை ஏராளம். எனவே ஒருவர் உங்கள் ஊருக்கு வந்து "பேட்டன்ட் வாங்கின வளர்ச்சி ஊக்கி" என்று விற்றால், எண்ணைக் கேளுங்கள். விண்ணப்ப எண்ணைக் காட்டுகிறாரா, வழங்கப்பட்ட எண்ணைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்லி விற்பது சட்டப்படி தண்டனைக்குரியது. இன்னொன்று, காப்புரிமை என்பது புதியது என்பதற்கான சான்று மட்டுமே. பயிருக்கு நல்லது என்று அது சொல்வதில்லை.

இப்போது தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் செய்து விற்கலாம் என்று உங்கள் குழு யோசிக்கிறது என்று வையுங்கள். உலகம் முழுக்க காப்புரிமைகளைக் குறியீடு போட்டு வகை பிரித்திருக்கிறார்கள். பூச்சி, பூஞ்சாண, களைக்கொல்லிகள் ஏ01என். நடவு, விதைப்பு, உரமிடும் கருவிகள் ஏ01சி. பாசனம் ஏ01ஜி 25. கொட்டை, தேங்காய் உரிப்பவை ஏ23என் 5. மரம் ஏறும் கருவி எங்கே இருக்கும் என்கிறீர்கள்? ஏ63பி 27, அதாவது உடற்பயிற்சி, விளையாட்டுச் சாமான்கள் இருக்கும் பிரிவில்! வேளாண்மைப் பிரிவில் மட்டும் தேடுபவர் "யாரும் செய்யவில்லை" என்று நினைத்துப் பணம் போட்டுவிடுவார்.

உரியதைக் கண்டுபிடித்ததும் இரண்டு கேள்வி. அது இந்தியாவில் பெறப்பட்டதா? காப்புரிமை அந்தந்த நாட்டோடு சரி. அமெரிக்காவில் மட்டும் வாங்கி இந்தியாவில் வாங்காத இயந்திரத்தை இங்கே நீங்கள் செய்யலாம், விற்கலாம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யத்தான் முடியாது. அடுத்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா? மூன்றாம் ஆண்டில் இருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் செத்துவிடும். ஆனால் 18 மாதத்துக்குள் உயிர்ப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால், நேற்று செத்ததை நம்பி இன்று பட்டறை போடாதீர்கள். 20 வருடம் தாண்டியதில் அந்தப் பயம் இல்லை. அதன் வரைபடம், விளக்கம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்.

மருந்தில் கொஞ்சம் கூடுதல் சிக்கல். மூலக்கூறின் காப்புரிமை முடிந்தாலும் தயாரிப்பு முறை, கலவை என்று தனித்தனிக் காப்புரிமைகள் பின்னால் நிற்கும். குளோரான்ட்ரனிலிப்ரோலிலும் தயாரிப்பு முறைக் காப்புரிமையை வைத்து வழக்கு நடந்தது. நாட்கோ நிறுவனம் தங்கள் முறை வேறு என்று வாதாடி, 2022 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி பெற்ற பிறகே சந்தைக்கு வந்தது. அதோடு, 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்தியப் பதிவுக்குழுவின் பதிவும் வேண்டும். ஆகவே காலாவதித் தேதியைத் தாண்டியும் சில மாதம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். அந்த இடைவெளியில் பதிவு எண் இல்லாத லேபிளோடு மலிவாக வருவதைத் தொடாதீர்கள்.

விதைக்கு இந்தக் கணக்கு செல்லாது. நம் காப்புரிமைச் சட்டத்தில் விதைக்கோ, பயிர் ரகத்துக்கோ, சாகுபடி முறைக்கோ காப்புரிமை கிடையாது. ரகங்களுக்கு 2001-ம் ஆண்டு தனிச் சட்டம் இருக்கிறது. வயல் பயிர்களுக்கு 15 ஆண்டு, மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டு பாதுகாப்பு. அந்த ரகத்தின் விதையை எடுத்து வைத்து விதைக்கவும், பக்கத்து விவசாயிக்குக் கொடுக்கவும், விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிராண்டு பெயர் போட்டுப் பொட்டலமாக விற்கத்தான் கூடாது.

இந்தியக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இன்பாஸ் என்ற தேடுபக்கம் இலவசம். வெளிநாட்டுக்கு பேட்டன்ட்ஸ்கோப், எஸ்பாஸ்நெட். எல்லாம் ஆங்கிலம்தான், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளை உட்கார வையுங்கள். மருந்தின் கடைப் பெயரைப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. கம்பெனி பெயரையும் ஏ01என் குறியீட்டையும் சேர்த்துத் தேட வேண்டும். கிடைத்த எண்ணைப் பதிவேட்டில் போட்டால் தாக்கல் தேதியும் இப்போதைய நிலையும் தெரியும். தாக்கல் தேதியோடு 20 கூட்டி, உங்கள் கடையில் அதிகம் போகும் ஐந்தாறு மருந்துக்கு ஒரு பட்டியல் எழுதி, கொள்முதல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.