பள்ளிக்கும் பணிக்கும் நடுவே

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையிடம் ஊரார் கேட்கும் முதற் கேள்வி, "அடுத்து என்ன செய்வதாக உத்தேசம்?" என்பது. அப்பிள்ளை பார்வையற்றவனாகவோ காது கேளாதவளாகவோ இருந்துவிட்டால் இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. "இவ்வளவு படித்ததே பெரிது" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

சட்டம் வாளா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத் திறனாளிகளுக்கு அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கியது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 விழுக்காடாக உயர்த்தியது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வியும், உயர்கல்வியில் 5 விழுக்காடு இடமும் அதே சட்டம் தருகிறது. தகுந்தவர் அமையாத பணியிடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் வகை செய்கிறது. ஆற்றின் இரு கரையிலும் படித்துறை கட்டியாயிற்று, தோணியைத்தான் காணோம்.

வேலை செய்யும் பழக்கம் ஏட்டில் வருவதன்று. மற்றப் பிள்ளைகள் மாமாவின் கடையில் நின்று கணக்குப் பார்க்கிறார்கள். விடுமுறையில் பட்டறைக்குப் போகிறார்கள். தனியே பேருந்து ஏறுகிறார்கள். முதலாளியிடம் ஏச்சும் கேட்கிறார்கள். மாற்றுத் திறனுடைய பிள்ளையையோ அன்பின் பெயரால் வீட்டிலேயே இருத்திவிடுகிறோம். பிறகு 18 வயதில், "தகுந்தவர் கிடைக்கவில்லை" என்கிறோம்!

"முதலில் படிப்பு முடியட்டும்" என்பார் உளர். முடிந்தபின் தொடங்கினால் காலம் கடந்துவிடும். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பிற கூறுகளைப் பற்றி எவருக்கு எக்கருத்து இருப்பினும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் மாணவர் அனைவரும் பத்து நாள் புத்தகப் பையை விடுத்துத் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் தொழில் பழக வேண்டும் என்று அது கூறுவது நல்ல யோசனை. அந்தப் பத்து நாளில், "உனக்கு எதற்கு அம்மா சிரமம்?" என்று சொல்லி ஒரு பிள்ளையையும் வகுப்பறையில் உட்கார்த்தி வைக்கலாகாது.

அறிவியல் மாணவராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இன்று விலையின்றியே கிடைக்கிறது. ஆனால் நாம் கைபேசியில் படமெடுத்து அனுப்பும் பாடக் குறிப்பிலுள்ள சமன்பாடு அதற்குப் பிடிபடுவதில்லை. முறையாகத் தட்டெழுதித் தந்தால் படிக்கும். இச்சிறு அலட்சியமும் ஆய்வுக்கூட வேலையை ஒருவருக்கு எட்டாக்கனி ஆக்கிவிடும்.

அன்பர்களே! மொழி தெரியாத இந்நகரில் நாம் வந்திறங்கியபோது, பேருந்து எண் முதல் படிவம் நிரப்புவது வரை இச்சங்கத்து அண்ணன்மாரும் அக்காமாருமே சொல்லித் தந்தார்கள். அதனைத் தருமம் என்று அவர்களும் எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை. பள்ளி வாசலைத் தாண்டும் இவ்விளைஞர்க்கும் வேண்டுவது அத்தகைய துணையே. இவ்வாண்டு பொங்கல் விழாவோடு நின்றுவிடாமல், அருகிலுள்ள சிறப்புப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவரை நம் ஆய்வுக்கூடங்களுக்கும் நூலகத்துக்கும் ஒரு வாரம் வேலை பழக அழைப்போம். விண்ணப்பம் எழுதவும் நேர்முகத் தேர்வில் தயங்காமல் விடையளிக்கவும் உடனிருந்து பழக்குவோம். செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.