ஃப்ரிட்ஜில் தூங்கும் இன்சுலின்

நோவோ நார்டிஸ்க் நிறுவனம் மிக்ஸ்டார்ட் உள்ளிட்ட சில இன்சுலின்களின் பேனா வடிவத்தை இந்தியாவில் நிறுத்தப்போவதாக 2025ல் செய்தி வந்தது. எங்கள் மஹல்லாவிலும் அதே பேச்சுதான். குப்பி கிடைக்கும், பேனாதான் கிடைக்காது என்று மருந்துக்கடைக்காரர் எடுத்துச் சொல்லியும் பலருக்குப் பதற்றம் தீரவில்லை. (பேனாவிலிருந்து குப்பிக்கு மாறுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சுதான். மாற்றிப் போட்டால் அளவு தவறிவிடும்.)

விலையும் தட்டுப்பாடும் நியாயமான கவலைகள். ஆனால் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே தருகிறார்கள். அதை வாங்கிவந்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துவிட்டு, நான்கு நாள் போட்டு மூன்று நாள் விட்டுவிடுகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் சொன்னது. அப்படியிருக்க, கைக்கு வந்த மருந்து ஏன் உடம்புக்குப் போவதில்லை?

முதல் காரணம், ஊசி என்றாலே கடைசிக் கட்டம் என்ற நினைப்பு. இதில் மருத்துவர்களுக்கும் பங்குண்டு. "மாத்திரையை ஒழுங்காகப் போடாவிட்டால் ஊசிதான்" என்று பல வருடம் மிரட்டிவிட்டு, ஒருநாள் ஊசியை எழுதிக் கொடுத்தால், நோயாளி அதை மருந்தாகவா பார்ப்பார்? தண்டனையாகத்தான் பார்ப்பார். உண்மையில் இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரப்பு வருடங்கள் போகப்போகக் குறைவது நோயின் இயல்பு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டவருக்கும் ஊசி தேவைப்படலாம்.

இரண்டாவது காரணத்தை எனக்குப் புரியவைத்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய். தண்ணீர் ஓதி வாங்க வந்திருந்தார். காலில் ஆறாத புண். ஊசி போடுகிறீர்களா என்று கேட்டேன். "போட்டா அரைமணி நேரத்துல சாப்பிடணுங்கறாங்க ஹஜ்ரத். வீட்ல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாத்தானே நான் உட்கார முடியும்?" என்றார். ஒருநாள் ஊசி போட்ட பிறகு விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம். பரிமாறிக்கொண்டே இருந்தவர், வியர்த்துக் கொட்டி அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். சர்க்கரை இறங்கிப்போனதன் விளைவு அது. அன்றிலிருந்து, வேலை அதிகமிருக்கும் நாட்களில் ஊசியைத் தொடுவதில்லை. கல்யாணம், பெருநாள், வெளிநாட்டிலிருந்து மகன் வரும் நாள் என்று அந்த நாட்கள் கூடிக்கொண்டே போயின. இவரை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியாகக் கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறார். கோளாறு அந்த வீட்டின் சாப்பாட்டு வரிசையில் இருக்கிறது. பெண்கள் கடைசியில் சாப்பிடுவதை மார்க்கம் எங்கும் கட்டளையிடவில்லை. நாம் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

மூன்றாவது, ஆலிம்களாகிய நாங்கள் பதில் சொல்ல வேண்டியது. ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று நம்பி ரமளான் முழுக்க இன்சுலினை நிறுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊட்டச்சத்துக்காக ஏற்றப்படாத ஊசிகளால் நோன்பு முறியாது என்று ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997லேயே தீர்மானித்துவிட்டது. எத்தனை ஜும்ஆ மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறோம்? பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்ற பழைய சந்தேகமும் சிலரை விடவில்லை. ஒரு காலத்தில் அப்படியும் எடுத்தார்கள். 1982ல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கு அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று புழக்கத்தில் இருப்பவை பாக்டீரியா அல்லது ஈஸ்ட் மூலம் தயாராகின்றன.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2001ல் 13 நாடுகளில் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் சுமார் 79 சதவீதம் பேர் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். சர்க்கரை அபாயகரமாக இறங்கிப்போவது அவர்களிடம் மற்ற மாதங்களைவிட ஏறக்குறைய ஏழரை மடங்கு கூடியிருந்தது. நோயாளிக்கு அல்பகரா 184, 185ஆம் வசனங்கள் தந்த சலுகையை, பலவீனமானவர்களுக்கு உரியது என்று நாமே ஒதுக்கிவிட்டோம். நோன்பு வைக்க முடியுமா, இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்பதை ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். ஸஹர் நேரத்தில் தானாக முடிவெடுப்பது ஆபத்து.

பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு இன்னும் கடுமையானது. அவர்கள் உடம்பில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய இல்லை. ஓரிரு நாள் நிறுத்தினாலே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். நாட்டு மருந்தில் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊசியை நிறுத்தினால் நேருவது இதுதான். பெண்பிள்ளை என்றால் கூடுதலாக ஒரு பயம்: வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் சம்பந்தம் பேச வருவார்கள்? அதனால் உறவினர் வீட்டுக்குப் போகும் நாட்களில் ஊசி பையிலேயே இருந்துவிடுகிறது.

எங்கள் மதரஸாவில் ஒரு மாணவன் ஊசி போடக் கழிப்பறைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். பிறர் பார்த்துவிடக் கூடாதாம். சில நாள் அங்கே ஆளிருந்தால் போடாமலேயே திரும்பிவிடுவான். இப்போது உஸ்தாத் அறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். மற்ற பிள்ளைகள் இரண்டு நாள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் யாரும் பார்க்கவில்லை.