கட்டாந்தரையும் ரப்பர்ப்பாலும்

எங்கள் மாதாந்தரக் கூடுகையின் மூத்த உறுப்பினர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்றே அழைப்போம். சென்ற ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அவர் வருவது அருகிப்போயிற்று. வந்த நாள்களிலும் நாற்காலியைத் தவிர்த்துச் சுவரோரமாக நின்றபடியே பேசினார். காரணம் கேட்டோம். "உட்கார்ந்தால் எழ முடியவில்லை, படுத்தால் உறங்க முடியவில்லை. நிற்பது ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது" என்றார். மேலும் விசாரித்தபோது, பதினோரு ஆண்டுகளாக அவர் மரப்பலகையின்மேல் ஒரு கோரைப்பாயை விரித்துப் படுத்துவருவது தெரிந்தது. முதுகுவலி என்று முதன்முதலாகச் சொன்ன நாளில் யாரோ கொடுத்த அறிவுரை அது. கொடுத்தவர் யார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. பலகை மட்டும் நிலைத்துவிட்டது.

இலக்கியம் பேசுகிறவர்களுக்கு மெத்தையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். தடித்த நாவல்களை நெஞ்சின்மேல் சாய்த்து நள்ளிரவுவரை வாசிக்கும் கூட்டம் நாம். நம்மில் முதுகும் கழுத்தும் வலியறியாதவர்களை எண்ண ஒரு கைவிரல்கள் போதும். அது போகட்டும். நம் வீடுகளில் கடினமான படுக்கை என்பது மருத்துவமாக மட்டுமன்றி ஒழுக்கமாகவும் கருதப்பட்டு வந்திருக்கிறது. மெத்தை சோம்பேறிக்கு, தரை உழைப்பாளிக்கு என்றொரு தீர்ப்பு எழுதப்படாமலேயே அமலில் இருக்கிறது. அதனால்தான் பலகையில் படுத்து வலி கூடியபோதும் ஐயாவுக்குப் பலகைமீது ஐயம் எழவில்லை. தம் உடம்பின்மீதுதான் எழுந்தது. இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதே எங்கள் கட்சி.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் கோவாக்ஸும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாள்பட்ட இடுப்புவலி உடைய 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினம் உடைய மெத்தையும் கொடுத்து 90 நாள்கள் கவனித்தார்கள். யாருக்கு எது என்பது படுத்தவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. முடிவில், படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் நடுத்தர மெத்தைக்காரர்களிடையே அதிகம். அந்த ஆய்வு சோதித்தது கடினத்தையே தவிர லேடெக்ஸை அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

காரணம் எளிது. முதுகெலும்பு நேர்கோடன்று, கழுத்தில் உள்வாங்கி, மேல்முதுகில் புடைத்து, இடுப்பில் மீண்டும் உள்வாங்கும் வளைவு. பலகையில் மல்லாந்து படுத்தால் தோள்பட்டையும் புட்டமும் குதிகாலும் உடம்பின் பாரத்தைச் சுமக்க, இடுப்பின் வளைவு தாங்குவாரற்று அந்தரத்தில் கிடக்கிறது. இரவு முழுவதும் அங்குள்ள தசைகள் வேலைநேரத்தைத் தொடர்கின்றன. ஒருக்களித்துப் படுப்பவர்க்கு இன்னும் துன்பம். தோள்மூட்டும் இடுப்புமூட்டும் நேரடியாக மரத்தோடு மோதுகின்றன. இதற்கு மறுதலையாக, நடுவே குழிந்துபோன பழைய இலவம்பஞ்சு மெத்தையில் உடம்பு தொட்டில்போல் தொங்குகிறது. அதுவும் ஆகாது. தோளும் இடுப்பும் சற்று அமிழவேண்டும்; இடுப்பின் வளைவை அடியிலிருந்து ஏதோ ஒன்று ஏந்தவும் வேண்டும். அமிழ்த்துவதும் ஏந்துவதும் ஒரே பொருளால் ஆகவேண்டும் என்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கலுக்கு நன்றாக விடைசொல்லும் பொருள்களுள் ஒன்று ரப்பர்ப்பால் நுரை.

ரப்பர் மரம் பிரேசிலுக்குரியது. 1876இல் ஹென்றி விக்கம் அங்கிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, நாற்றுகளாக அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் தோட்டங்கள் எழுந்தன; முண்டக்கயத்தை அடுத்த ஏந்தயாறில் தோட்டம் அமைத்தவர் ஜே.ஜே. மர்ஃபி என்னும் அயர்லாந்துக்காரர். 1929இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் ரப்பர்ப்பாலைச் சோப்போடு கடைந்து நுரையாக்கி, அச்சில் வார்த்து, நீராவியில் வேகவைத்துக் கெட்டிப்படுத்தும் முறையைக் கண்டவர் பெயர் ஈ.ஏ. மர்ஃபி. பெயர்ப் பொருத்தம் வேடிக்கைதான். நம் ஊரில் எந்த நுரை மெத்தையையும் 'டன்லப் மெத்தை' என்று சொல்லும் வழக்கம் வந்தது இந்த வழியில். பின்னர் வந்த தலாலே முறையில், அச்சைப் பாதி நிரப்பி, காற்றை உறிஞ்சி நுரையை விரியச்செய்து, உறையவைத்து, அதன்பின் வேகவைக்கிறார்கள். அது சற்று மென்மையானது, விலையும் கூடியது. இங்கு கிடைப்பவற்றில் பெரும்பாலானவை டன்லப் முறையில் ஆனவை, குறையேதும் இல்லை.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாவையும் அவர் மனைவியாரையும் அழைத்துக்கொண்டு நாங்கள் மூவர் கடைக்குப் போனோம். அம்மா உடன்வந்தது வழித்துணைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

கடையில் முதலில் நம்மை எதிர்கொள்வது சொல். 'ஆர்த்தோ' என்று அச்சிட்டிராத மெத்தை ஒன்றுகூட அங்கு இல்லை. எலும்பு மருத்துவத்தின் பெயரில் பாதியை வெட்டி உறையில் தைத்துவிட்டால் மெத்தை மருந்தாகிவிடாது. அடுத்த சொல் 'லேடெக்ஸ்'. ஆறு அங்குல மெத்தையில் மேலே ஓர் அங்குலம் மட்டும் லேடெக்ஸ் இருந்து, கீழே ஐந்து அங்குலமும் சாதாரண பாலியூரிதீன் நுரையாக இருந்தாலும் அதற்கு லேடெக்ஸ் மெத்தை என்றே பெயர். தேங்காய் நாரில் ரப்பர்ப்பால் தெளித்துச் செய்யும் நார் மெத்தையையும் இதே பெயரால் விற்கிறார்கள். அது நல்ல கடினமான மெத்தை, ஆனால் லேடெக்ஸ் நுரை அன்று. நுரையிலும் மரத்துப்பாலில் ஆனது, பெட்ரோலிய வழிச் செயற்கை ரப்பரில் ஆனது, இரண்டும் கலந்தது என மூவகை. 'இயற்கை' என்ற சொல்லுக்கு எத்தனை விழுக்காடு என்று எழுத்தில் கேட்கவேண்டும். நாங்கள் கேட்டபோது விற்பனையாளர் மெத்தையைக் கையால் அழுத்திக் காட்டினார். கை படுத்துறங்குவதில்லை என்று ஐயா சொன்னார்.

உறையின் ஜிப்பைத் திறந்து பார்ப்பதே முதல் சோதனை. ஊசித்துளைகள் நிறைந்த ஒரே நுரைப்பாளமா, ஒட்டுவேலையா என்பது அங்கே தெரிந்துவிடும். ஜிப்பே இல்லாமல் தைத்து மூடியிருந்தால் யோசிக்கவேண்டும். இரண்டாவது எடை. லேடெக்ஸ் நுரை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 65 முதல் 90 கிலோ கனக்கும். 72 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள ஒருவர் மெத்தையின் கொள்ளளவு கால் கன மீட்டர். ஆகவே அது குறைந்தது 16 கிலோவாவது இருக்கவேண்டும். பாலியூரிதீன் நுரை பெரும்பாலும் பத்துக் கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாலே புலப்படும். சுண்ணப்பொடி கலந்து எடை கூட்டுவாரும் உண்டு என்பதால் எடையை மட்டும் நம்பிவிடவும் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை படுத்துப் பார்ப்பதுதான். நாணப்படாமல், வழக்கமாக உறங்கும் நிலையில், குறைந்தது கால்மணி நேரம். மெலிந்த உடம்புக்கு நடுத்தரமாகத் தோன்றும் மெத்தை, பருத்த உடம்புக்குப் பஞ்சாகத் தோன்றும். ஆதலால் அடுத்தவர் பரிந்துரை இதில் செல்லாது. ஒருக்களித்துப் படுப்பவர் மல்லாந்து படுப்பவரைவிடச் சற்று மென்மையானதைத் தேர்வது நலம். குப்புறப் படுப்பவர் முதலில் அந்தப் பழக்கத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஐயா மூன்று மெத்தைகளில் படுத்து எழுந்து, ஒவ்வொன்றுக்கும் திறனாய்வு வழங்கிக்கொண்டிருந்தார். முரசுகட்டிலில் அறியாமல் ஏறி உறங்கிய மோசிகீரனாரை எழுப்பாமல், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி வீசினான் என்ற புறநானூற்றுச் செய்தியையும் விற்பனையாளருக்கு எடுத்துச் சொன்னார். அந்தப் படுக்கையின் மென்மைக்குப் புலவர் காட்டிய உவமையே நுரைதான் என்றார். இதற்கிடையே, கால் வலிக்கிறதென்று நான்காவது மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்த அம்மா, மெல்லச் சாய்ந்து உறங்கிவிட்டிருந்தார். முப்பது ஆண்டுகளாக அவர் தரையில் பாய்விரித்துப் படுப்பவர். இரு முழங்கால்களிலும் தேய்மானம். காலையில் சன்னல் கம்பியைப் பிடித்து ஏறித்தான் எழுவாராம். ஐயாவின் முதுகைப் பற்றி மூன்று மாதம் கவலைப்பட்ட எங்களில் ஒருவரும் அவர் எங்கே உறங்குகிறார் என்று கேட்டதில்லை. பலகை கூட ஐயாவுக்கு மட்டுந்தான் இருந்தது.

அதன்பின் கணக்கு மாறிற்று. ஒருவர் மெத்தை இருவர் மெத்தையாயிற்று. விலை ஐயாவின் ஒருமாத ஓய்வூதியத்தைத் தாண்டிற்று. நல்ல லேடெக்ஸ் மெத்தை எல்லோருக்கும் எட்டும் பொருளன்று என்பதை மறைப்பானேன். எட்டாதவர்க்கு, இருக்கும் கடினமான படுக்கையின்மேல் இரண்டங்குல லேடெக்ஸ் விரிப்பு ஒன்று குறைந்த செலவில் பாதிப் பயன் தரும். மூட்டுவலிக்காரர்க்கு அதனினும் முந்தியது உயரம். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதியவேண்டும்; முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. கட்டிலும் மெத்தையும் சேர்ந்து இருபது அங்குலம் அளவில் அமைவது பலருக்கும் பொருந்தும். பழைய உயரக் கட்டிலின்மேல் எட்டங்குல மெத்தையைப் போட்டால் குள்ளமான பாட்டி ஏறமுடியாமல் மீண்டும் தரைக்கே வந்துவிடுவார். கட்டிலின் சட்டங்களுக்கிடையே மூன்றங்குலத்துக்குமேல் இடைவெளி இருந்தால் லேடெக்ஸ் அதில் தொய்ந்துவிடும்.

மெத்தை எதைச் செய்யாது என்பதையும் சொல்லவேண்டும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. பிதுங்கிய வட்டை உள்ளே தள்ளாது. நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவருக்குப் பின்னிரவில் வலி எழுந்து, ஓய்வில் கூடி, நடமாடினால் குறையுமானால் அது மெத்தையின் குற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு; மூட்டுவாத மருத்துவரிடம் காட்டவேண்டிய முதுகு அது. காலையில் விரல்மூட்டுகள் மணிக்கணக்கில் இறுகிக்கிடப்பதும் அப்படியே. கால் மரத்துத் துவளுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் சேர்ந்த வலி ஆகியவற்றுக்குக் கடைவீதிக்குப் போகக் கூடாது, மருத்துவமனைக்கு விரையவேண்டும். ரப்பர் கையுறை பட்டாலே தடிப்பு வருகிறவர்களும் மருத்துவரைக் கேட்டபின்பே இதை வாங்கலாம்.

மெத்தை வந்து நான்கு மாதம் ஆயிற்று. ஐயாவுக்கு வலி போய்விடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்புவதை விட்டுவிட்டது என்கிறார். சென்ற கூட்டத்தில் ஒருமணி நேரம் உட்கார்ந்து பேசினார், தலைப்புக்கு அரைமணி போதுமென்று சொல்லியிருந்தும். அம்மா இப்போது சன்னல் கம்பியைத் தேடுவதில்லை. வீட்டில் புதிய சச்சரவு ஒன்று மட்டும் தொடங்கியிருக்கிறது. பஞ்சு மெத்தைபோல் இதையும் மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். வெயில் பட்டால் லேடெக்ஸ் மஞ்சளித்து, இறுகி, பிறகு மாவாக உதிர்ந்துவிடும். உறையை மட்டும் கழற்றித் துவைக்கலாம். மெத்தையை அறைக்குள்ளேயே நிமிர்த்திவைத்து மின்விசிறிக் காற்றில் ஆற்றலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடலாம். இதை ஐயா சொன்னால் எடுபடவில்லையாம். அடுத்த வாரம் நாங்கள் போய்ச் சொல்வதாக இருக்கிறோம்.