ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது விலை

மியூனிக்கில் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு முறை துப்பாக்கி சுட்டிருக்கிறேன். என் டீமில் இருந்த ஒரு சீனியர் சுடும் கிளப் உறுப்பினர். ஒரு சனிக்கிழமை என்னையும் விருந்தாளியாகக் கூட்டிப் போனார். மேஜைமேல் பச்சைத் துணி, அதன்மேல் ஒரு வால்தர் பிபி. 'பிபி' என்றால் 'போலீஸ் பிஸ்டல்' என்பதன் ஜெர்மன் சுருக்கம். 1929இல் வந்தது. ஜேம்ஸ் பாண்ட் வைத்திருக்கும் பிபிகே இதன் தம்பி.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு ஓடி வந்தவன். அதனால் என்னிடம் இதை மறைக்க முடியாது: அந்தப் பொருள் அழகு. ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே இழுத்தால் போதும், மேல்பாகம் பின்னால் வந்து தூக்கினதும் கழன்றுவிடும். ஸ்பேனர் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். குழல் சட்டத்தோடு அசையாமல் நிற்கிறது, சுருள்வில் அதைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே குண்டு இருந்தால் சுத்தியலுக்கு மேலே சின்னதாக ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டில்கூட விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். முதல் குண்டுக்கு ட்ரிக்கர் நீளமாக, கனமாக இழுக்கும், அடுத்ததெல்லாம் லேசு. என் முதல் குண்டு இலக்கு அட்டையின் கீழ் ஓரத்தில் போய் விழுந்தது. ஐந்தாவது நடுவுக்குப் பக்கத்தில் வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

காபி குடிக்கும்போது சீனியர் இரண்டு வாக்கியம் சொன்னார். ஒன்று: "இது வெறும் மெஷின்தான்பா." இரண்டு: "நான் துப்பாக்கி சேர்க்கவில்லை, வரலாறு சேர்க்கிறேன்."

இந்த இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து வரக் கூடாது என்பதுதான் என் வாதம். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை விட்டுவிடுங்கள்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வெறும் மெஷின் என்றால் விலை மெஷினின் நிலையைப் பொறுத்து இருக்க வேண்டும். அப்படி இல்லை. அவரே எனக்கு ஒரு ஏல கேட்லாக்கைக் காட்டினார். இரண்டு பிபி, இரண்டும் 7.65 மில்லிமீட்டர், இரண்டுமே நல்ல நிலையில். ஒன்று போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மன் போலீஸ் கழித்துப் போட்டது. இன்னொன்றில் சின்னதாக ஒரு கழுகு முத்திரை, பக்கத்தில் ஓர் எழுத்து. நாஜி காலப் போலீஸ் சோதித்து ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அதன் விலை முதலாவதைவிடப் பல மடங்கு. அடுத்த பக்கத்தில் ஒரு பிபிகே, கட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த வகை. கைப்பிடியிலேயே கழுகும் ஸ்வஸ்திகாவும். அதன் விலையைச் சொன்னால் நீங்கள் கார் வாங்கக் கிளம்பிவிடுவீர்கள்.

படத்தில் அந்த ஸ்வஸ்திகா தெரியவில்லை. வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஜெர்மனியில் நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆய்வு, கலை, வரலாற்றுக் கல்வி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. எனவே ஸ்டிக்கர். ஆனால் ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியும், விற்பவருக்கும் தெரியும். அந்த விலையே அதற்குத்தான். எஃகு ஒன்றுதான், வில் ஒன்றுதான், சுடும் குண்டும் ஒன்றுதான். கூடுதல் காசு மெஷினுக்கு இல்லை. முதல் வாக்கியம் அங்கேயே செத்துப்போச்சு.

சரி, இரண்டாவது. வரலாறு.

ஜெர்மன் ஆயுதச் சட்டம் சேகரிப்பாளர்களுக்குத் தனியாக ஒரு சிவப்பு அட்டை தருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை: சேர்ப்பது பண்பாட்டு வரலாற்று முக்கியத்துவம் உள்ள தொகுப்பாக இருக்க வேண்டும். அருமையான நிபந்தனை. சட்டம் எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதையே வந்தது. நான் கேட்பதெல்லாம், அதை நிஜமாகவே கடைப்பிடியுங்கள் என்றுதான்.

என்ன வரலாறு? இந்தப் பிஸ்டலுக்கு மூன்று பிறவி. வைமார் குடியரசின் கடைசி வருடங்களில் பிறந்தது. 1933க்குப் பிறகு நாஜிகளின் கைக்குப் போனது. போர் முடிந்த பின் பிரான்சில் மனுரின் ஆலை உரிமம் வாங்கித் தயாரித்தது. பிறகு உல்ம் நகரில் வால்தரே மறுபடி செய்ய, மேற்கு ஜெர்மன் போலீஸ் இடுப்பில் பல வருடம் தொங்கியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பதினொரு இஸ்ரேலியர்கள் கொல்லப்பட்டார்கள். மீட்க முயன்ற போலீஸ் மோசமாகத் தோற்றது. அந்த எழுபதுகளில்தான் போலீஸுக்கு இன்னும் வலுவான 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வேண்டும் என்று புது விதிமுறை எழுதினார்கள். பிபியின் காலம் முடிந்தது.

மூன்று பிறவியில் சந்தை எதைக் கொண்டாடுகிறது? நடுப் பிறவியை மட்டும். ஒரு போலீஸ் தோற்று, கற்றுக்கொண்டு, சட்டத்துக்குக் கட்டுப்படப் பழகிய மூன்றாம் பிறவி கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் மலிவாகக் கிடக்கிறது. வரலாறுதான் வேண்டும் என்றால் அதுவும் வரலாறு இல்லையா?

'போலீஸ்' என்ற சொல் இங்கே நம்மை நன்றாக ஏமாற்றுகிறது. ட்ராஃபிக் நிறுத்துபவர், திருடனைப் பிடிப்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். 1936இல் ஹிம்லர் மொத்த ஜெர்மன் போலீஸுக்கும் தலைவரானார். 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யோசெஃபூவ் கிராமத்தில் சுமார் 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது ராணுவம் அல்ல. ஹாம்பர்க்கிலிருந்து போன 101ஆம் ரிசர்வ் போலீஸ் படை. நடுவயதுக்காரர்கள், குடும்பஸ்தர்கள். விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று கமாண்டர் அன்று காலையிலேயே சொன்னார். விலகி நின்றவர்கள் பன்னிரண்டு பேர் போல. போருக்குப் பிறகு அந்தப் படையைச் சேர்ந்த சிலர் மறுபடி ஹாம்பர்க் போலீஸ் வேலைக்கே போனார்கள். வழக்கு விசாரணை 1960களில்தான் நடந்தது. கிறிஸ்டோபர் பிரவுனிங் அந்த விசாரணைப் பதிவுகளை வைத்துத்தான் 1992இல் 'சாதாரண மனிதர்கள்' பற்றித் தன் புத்தகத்தை எழுதினார்.

அந்தக் காட்டில் வெடித்தது பெரும்பாலும் ரைஃபிள்கள். நான் பிபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. எஃகுக்குப் பாவம் ஒட்டாது. ஆனால் கழுகு முத்திரைக்குக் கூடுதலாகக் காசு கொடுத்த அந்த நிமிடமே, 'எந்தப் போலீஸ்' என்ற கேள்வியையும் நீங்கள் சேர்த்து வாங்கிவிட்டீர்கள். அதை ஸ்டிக்கர் ஒட்டி மூட முடியாது.

சீனியரிடம் அவருடைய முத்திரை பதித்த பிபியைப் பற்றிக் கேட்டேன். சீரியல் நம்பரிலிருந்து தயாரான வருடத்தைச் சொன்னார். உறை அசல் என்றார். மேகசின் இரண்டும் அதே காலத்தது என்றார். முத்திரை போலியா என்று பூதக்கண்ணாடியில் எப்படிப் பார்ப்பது என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தார். எந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போனது, யார் கையில் இருந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்?" என்று சிரித்தார்.

தெரியாமல் இருக்கலாம். பல துப்பாக்கிகளுக்கு அந்தத் தகவல் எங்கேயும் இருக்காது. என் வருத்தம், அவர் ஒரு முறைகூடத் தேடிப் பார்க்கவில்லை என்பதுதான். ஒரு எழுத்தின் வளைவு சரியா என்று வருடக்கணக்கில் படித்த மனிதர், அந்த எழுத்தைக் குத்தியவன் யாருக்காகக் குத்தினான் என்று ஒரு சாயங்காலம்கூடச் செலவழிக்கவில்லை. இது வரலாற்று ஆர்வம் இல்லை. ஸ்டாம்ப் சேகரிப்பு. ஸ்டாம்ப் சேர்ப்பவர் கடிதத்தைக் கிழித்து எறிந்துவிட்டுத் தலையை மட்டும் ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வார் அல்லவா, அதே மாதிரி.

"மியூசியத்திலும்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு அட்டை எழுதி. அந்த அட்டைதான் மியூசியத்துக்கும் அலமாரிக்கும் உள்ள வித்தியாசம். "உங்கள் ஊரில் ராஜாக்களின் வாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ரசிக்கவில்லையா?" என்று சீனியரும் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வாளுக்குப் பக்கத்திலும் யார் தலை உருண்டது என்று எழுதத்தான் வேண்டும். நாம் எழுதவில்லை என்பதற்காக அவருக்கு விடுமுறை கிடைக்காது.

தடை செய், உருக்கிப் போடு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. உருக்கினால் கேள்வியும் சேர்ந்து உருகிவிடும். சேருங்கள், சுடுங்கள், எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கியோடும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். தெரிந்ததைத் தேதியோடு. தெரியாத இடத்தில் 'தெரியவில்லை, இங்கெல்லாம் தேடினேன்' என்று. விற்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அதைச் செய்ய மனமில்லை என்றால் 'வரலாறு' என்ற சொல்லையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும்போது அந்தப் பிபியை இன்னொரு தடவை கையில் வாங்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. யார் கைக்கு வேண்டுமானாலும் அப்படி உட்காரும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டார், போகவில்லை.